புகுந்த நாடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சேர்க்கைக் காலத்தில், ஏனாத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் முதலாண்டு மாணவிகளின் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி 'நாட்டினம்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அப்பா இங்கத்தவர் மேடம். அம்மா அகதி முகாம்ல பொறந்தவங்க. நான் என்னன்னு போடணும்?" என்றாள். அவளுக்குப் பின்னால் நீளமாக வரிசை நின்றது. 'இந்தியர்' என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டுப் போனாள்.

சொன்னது சரிதானா என்ற சந்தேகம் அன்று மாலையே வந்துவிட்டது. அதைத் தீர்த்துக்கொள்ளக் குடியுரிமைச் சட்டங்களைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அந்த மாணவியின் கேள்விக்குப் பின்னால் கடல் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்ட, கடல் தாண்டிக் கூட்டிவரப்பட்ட பல தலைமுறைப் பெண்கள் நிற்பது தெரிந்தது. அந்தப் பெண்களின் கதை முழுவதும் அதே விண்ணப்பத்தின் இன்னொரு கட்டத்துக்குள் அடங்கியிருந்தது: 'தந்தை / கணவர் பெயர்'.

பெண்ணுக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று என்பது நமக்குப் பழகிய பேச்சு. சங்க இலக்கியம் நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் உடன்போக்கைச் சொல்லிக்கொடுக்கிறோம். தலைவி போகிறாள், நற்றாயும் செவிலியும் அழுகிறார்கள், பாலையில் வெயில் காய்கிறது. தொல்காப்பியம் இதற்குக் 'கொண்டுதலைக்கழிதல்' என்று பெயர் வைத்தது. கொண்டு போகிறவன் தலைவன். அவளுடைய விருப்பத்தில்தான் போகிறாள் என்றாலும் இலக்கணத்தின் எழுவாய் அவன்தான். இந்த இலக்கணத்தை நவீன அரசுகள் அப்படியே எடுத்துக்கொண்டன. புகுந்த வீட்டைப் புகுந்த நாடாக்கின. பெண்ணின் நாடு எது என்பதை அவள் பிறந்த மண்ணைக் கொண்டு சொல்லாமல், அவள் எந்த ஆணின் பெயருக்குக் கீழே வருகிறாள் என்பதைக் கொண்டு சொன்னார்கள்.

இது நம் மரபிலிருந்து மட்டும் வந்ததில்லை. பிரிட்டனின் 1870ஆம் ஆண்டுச் சட்டம், திருமணமான பெண் தன் கணவன் எந்த நாட்டுப் பிரஜையோ அந்த நாட்டுப் பிரஜையே என்றது. அயல்நாட்டானைக் கட்டிக்கொண்ட ஆங்கிலப் பெண் மறுநாள் தன் ஊரிலேயே அயலாள் ஆனாள். குடியுரிமை விஷயத்தில் தாமாக முடிவெடுக்க இயலாதவர்கள் என்று அந்தச் சட்டம் ஒரு பட்டியலும் போட்டது: சிறு பிள்ளைகள், மனநோயாளிகள், மனவளர்ச்சி குன்றியவர்கள், திருமணமான பெண்கள். 1914இல் வந்த புதிய சட்டத்திலும் அந்தப் பட்டியல் தொடர்ந்தது. அமெரிக்காவில் 1907 முதல் இதே விதி. கலிபோர்னியாவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எத்தல் மெக்கன்சி, அந்த உரிமை கிடைத்ததும் வாக்காளராகப் பதியப் போனார். பிரிட்டிஷ் பிரஜையை மணந்ததால் நீ அமெரிக்கர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1915இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. தமிழர்கள் தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் கப்பலேறிய காலத்தில் உலகத்தின் சட்டம் இப்படித்தான் இருந்தது.

*

முதலில் பர்மா. 1931 கணக்கெடுப்பின்படி அங்கே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். வட்டிக்கடைச் செட்டியார், துறைமுகக் கூலி, அறுவடைக்குப் போனவர் என்று பெரும்பாலும் ஆண்கள். அவர்களில் பலர் பர்மியப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். சிலர் ஊரில் ஒரு மனைவியும் ரங்கூனில் ஒரு மனைவியுமாக வாழ்ந்தார்கள். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1938இல் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் நடந்தன. அந்த ஆண்டுகளில் பத்திரிகைகளும் மேடைகளும் ஓயாமல் பேசியது 'இந்தியனைக் கட்டிய பர்மியப் பெண்'ணைப் பற்றி. 1939இல் பௌத்தப் பெண்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் தனிச் சட்டம் ஒன்று வந்தது. பிற மதத்தவரை மணக்கும் பெண்ணின் சொத்துரிமையை அது காத்தது உண்மை. அவள் யாரைக் கட்டலாம் என்பதை நாட்டின் மானப் பிரச்சினையாக ஆக்கியதும் அதே அரசியல்தான்.

1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளை அரசுடைமையாக்கி, 1964இல் 50, 100 கியாத் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்ததும் மறுபடி ஒரு பெயர்ச்சி. இந்த முறை கப்பலில், சென்னைத் துறைமுகத்துக்கு. பணமும் நகையும் அங்கேயே நின்றுவிட்டன. இதை எழுதிய ஆண்கள் இழந்த கடையைப் பற்றியும் விட்டுவந்த வீட்டைப் பற்றியும் எழுதினார்கள். அதே கப்பலில் வந்த பர்மியப் பெண்ணுக்கு இழப்பு வேறு. அவளுக்கு இது 'திரும்பி வருதல்' இல்லை. மொழி தெரியாத மாமியார் ஊருக்கு, மாமியாரும் எதிர்பார்க்காத மருமகளாக, முதன்முதலாகப் போகிறாள். அரசுக் காகிதத்தில் அவளும் 'தாயகம் திரும்பியோர்' கணக்கில்தான் வந்தாள். அவளுடைய தாய் அகம் இருந்தது ஐராவதிக் கரையில்.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜாரை எல்லோருக்கும் தெரியும். அதை ஒட்டிய தெருக்களில் மாலையானால் அத்தோ கிடைக்கும். அந்தச் சாப்பாட்டை இந்த ஊருக்குக் கொண்டுவந்த கைகளில் பெண்களின் கை எத்தனை என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்கவில்லை.

*

பர்மாவில் நடந்ததைவிடத் திட்டமாக, எண்ணிக்கை பேசி, ஒப்பந்தம் போட்டு நடந்தது இலங்கையில்.

தேயிலைத் தோட்டங்களில் அன்றும் இன்றும் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கொழுந்து பறித்து, நிறுத்துப் போட்டு, லயத்துக்குத் திரும்பிச் சமைத்தவர்கள். தோட்டத்துச் செக்ரோலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிப் பெயர், தனி எண், ஆணைவிடக் குறைந்த கூலி. அவர்கள் பேசவும் செய்தார்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து போய் மலையகத் தொழிற்சங்க இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர் கோ. நடேசய்யர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார், அச்சிட்டும் பரப்பினார். கணவரோடு கடல் தாண்டியவர்தான் என்றாலும் அங்கே தன் குரலில் பேசியவர்.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தில் பெண்ணின் குரலுக்கு மட்டுமல்ல, அவளுடைய இரத்த உறவுக்கும் இடமில்லை. இலங்கையில் பிறந்திருந்தால் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தை வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய், தாய் வழிப் பாட்டி, பூட்டி எல்லோரும் அதே மலையில் பிறந்து அதே மலையில் மண்ணானவர்களாக இருந்தாலும் கணக்கில் வராது. ஒரே ஒரு விலக்கு இருந்தது. சட்டப்படித் திருமணம் செய்யாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு மட்டும், 'தந்தை' என்ற இடத்தில் 'தாய்' என்று படித்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆகாத தாய்தான் பிள்ளைக்கு நாட்டைத் தரலாம். தாலி ஏறியதும் அந்த உரிமை போய்விடும்.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம். திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகள், மற்றவர்கள் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். கணவனின் வசிப்பு மட்டும் போதாது. மனைவியும் மைனர் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். இதைப் படித்தபோது எனக்குத் தலைப்பிரசவம்தான் நினைவுக்கு வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவதும், பிள்ளைக்குக் கழுத்து நின்று, தவழ்ந்த பிறகு திரும்புவதும் நம் வழக்கம். அவள் தாய்வீடு புதுக்கோட்டைப் பக்கமோ திருச்சிப் பக்கமோ இருந்து, காய்ச்சலோ காசில்லாமையோ ஓராண்டைத் தாண்ட வைத்தால், அந்த ஒரு பயணம் குடும்பத்தின் விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடக்கூடும். தாய்வீட்டுக்குப் போய்வருவது குற்றத்துக்கான சாட்சியமாக மாறிய காலம் அது.

ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றுக்குள் இருந்தவர்கள் சுமார் 8,24,000 பேர். அதாவது ஒரு விண்ணப்பத்துக்கு மூன்றரைப் பேர்: கையெழுத்தோ கைரேகையோ வைத்த ஒருவர், அவருக்குக் கீழே மனைவி, மக்கள். செக்ரோலில் தனிப் பெயராக இருந்த பெண், குடியுரிமைக் காகிதத்தில் கணவனுக்குக் கீழே ஒரு வரியாகிவிட்டாள். 1964 வரை குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். மற்றவர்கள் நாடற்றவர்கள்.

*

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் தில்லியில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று வைத்துக்கொண்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1964 ஒப்பந்தம் 'அந்த எண்ணிக்கையோடு அவர்களின் இயற்கைப் பெருக்கமும்' என்று சேர்த்துச் சொல்கிறது. பெண்கள் வயிற்றில் சுமக்கப்போகும் பிள்ளைகளுக்கு அரசுகள் வைத்த பெயர் அது. ஒப்பந்தத்தில் ஒரு பெண் கையெழுத்திட்டிருந்தார் என்பது இந்தக் கணக்கை மாற்றவில்லை.

விண்ணப்பிக்கச் சொன்னபோது இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர்; இலங்கையைக் கேட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆனவர்கள் ஏராளம். ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில், அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்தன. இரண்டு நாட்டுத் தம்பதி என்றால் நமக்கு வெள்ளைக்கார மாப்பிள்ளை நினைவுக்கு வரலாம். மலையகத்தில் அத்தை மகனும் மாமன் மகளும் இரண்டு நாட்டுத் தம்பதி ஆனார்கள். பக்கத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நடுவே எல்லைக்கோடு விழுந்தது. கணவனின் காகிதம் ஒரு நாட்டில், பெற்றவர்களின் காகிதம் இன்னொரு நாட்டில் என்றானபோது, யாரோடு போவது என்ற கேள்வி பெண்ணுக்குத்தான் வந்தது. விடையைச் சட்டமும் வழக்கமும் முன்பே எழுதி வைத்திருந்தன.

ரயில் மலையிலிருந்து இறங்கித் தலைமன்னாருக்குப் போகும். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத அழுகையால் அந்த ரயிலுக்கே பெயர் வந்தது. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தன் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார்: 'ஒப்பாரிக் கோச்சி'. ஒப்பாரி பெண்களின் கலை. சாவு வீட்டில் பாடுவதை உயிரோடு பிரிகிறவர்களுக்குப் பாடினார்கள். தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பல். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிருந்ததால் இறங்குவது ராமேஸ்வரத்தில். அங்கிருந்து மண்டபம் முகாம். இந்த முகாம் ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைக்குக் கூலியாகப் போகிறவர்களை நிறுத்தி நோய்ச் சோதனை செய்து அனுப்பிய இடம். பாட்டி போன வழியில் பேத்தி திரும்பினாள். பாட்டியும் தனியாளாகப் போகவில்லை. பேத்தியும் தனியாளாக வரவில்லை. இரண்டு பேரையும் ஒரு குடும்பத் தலைவனின் பெயருக்குக் கீழேதான் எழுதினார்கள்.

அவர்களுக்காக நீலகிரியில் 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. பிறகு அது டான்டீ ஆனது. கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் அதே கூடை, அதே கொழுந்து, அதே பெண்கள். ஊர் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்றது. 1984இல் போரினால் கப்பல் நின்றது. பிறந்த வீட்டில் தாய்க்கு முடியவில்லை என்று கடிதம் வந்தால், அதற்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் விமான டிக்கெட்டும் வேண்டும் என்றானது. இலங்கைப் பக்கத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிக்கிக்கொண்டவர்கள் 80 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு 2003இல்தான் இலங்கைச் சட்டம் வழி திறந்தது. அதே 2003இல் இலங்கை இன்னொரு சட்டத் திருத்தத்தின் மூலம் தாயிடமிருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை வரும் என்று ஒப்புக்கொண்டது. 1948இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள்.

*

இந்தியச் சட்டம் மட்டும் யோக்கியமா? 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில், இந்தியரை மணந்ததால் பதிவு செய்துகொள்ளும் வழி 'பெண்களுக்கு' என்றுதான் எழுதப்பட்டிருந்தது. இந்திய ஆண் அயல்நாட்டு மனைவியைக் கொண்டுவரலாம். இந்தியப் பெண் அயல்நாட்டுக் கணவனைக் கொண்டுவருவாள் என்று சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. 1986இல்தான் 'பெண்கள்' என்பதை 'நபர்கள்' என்று மாற்றினார்கள். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவழியாகக் குடியுரிமை தரும் தகுதியும் தந்தைக்கே இருந்தது. 1992 டிசம்பரில்தான் தாய்க்கும் கிடைத்தது.

இவை தானாக வந்த கருணை இல்லை. பல நாடுகளில் பெண்கள் வழக்காடி, மனுப் போட்டு, அசைத்தவை. தமிழர்களும் வாழும் மொரிசியஸில் 1977இல் ஒரு சட்டம் வந்தது. மொரிசிய ஆணின் அயல்நாட்டு மனைவி தடையின்றி இருக்கலாம். மொரிசியப் பெண்ணின் அயல்நாட்டுக் கணவன் மட்டும் அனுமதி வாங்க வேண்டும், மறுத்தால் வெளியேற வேண்டும். ஷிரின் அவுமீருதி-சிஃப்ராவும் 19 பெண்களும் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். அந்த இருபது பேரில் அயல்நாட்டவரை மணந்திருந்தவர்கள் மூவர்தான். மற்ற 17 பேரும் கல்யாணம் ஆகாதவர்கள். நாளை நமக்கும் இது நேரும் என்று நின்றார்கள். 1981இல் குழு அவர்கள் பக்கம் சொன்னது. 1983இல் மொரிசியஸ் சட்டத்தை மாற்றியது. அந்தப் பதினேழு பேரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

*

இனி என் மாணவியின் கட்டம்.

1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பிப் படகேறி வந்தவர்களில் இன்றும் சுமார் 58 ஆயிரம் பேர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. இலங்கை தாய்க்கும் உரிமை தந்த அதே 2003இல் இந்திய நாடாளுமன்றம் தன் சட்டத்தை இறுக்கியது. உரிய ஆவணமில்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'; இந்தியரை மணந்தாலும் அவர் மனைவி என்ற வகையில் பதிவு செய்ய முடியாது. 2019 திருத்தத்தில் இலங்கை இல்லை. பிறப்பால் வரும் குடியுரிமைக்கோ மூன்று காலம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

தாய் பக்கம் இதுநாள்வரை பிள்ளைக்கு எதையும் தர முடியாது என்றிருந்த சட்டம், இப்போது தாய் பக்கத்தை வைத்துப் பிள்ளையிடமிருந்து பறிக்க முடியும் என்று ஆகியிருக்கிறது. என் மாணவி பிறந்தது 2005இல். அப்பா இந்தியர் என்பது அவளுக்குப் போதாது.

ஆனால் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்தவரும் ஒரு பெண். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவர், தனக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் திருச்சியில் வாக்களித்தார். அவருடைய குடியுரிமை தந்தை பெயரையோ கணவர் பெயரையோ பொறுத்ததாக இல்லை. பாட்டிமார் போன வழியிலும் வந்த வழியிலும் நின்ற அதே மண்டபத்தில், தான் பிறந்த தேதியைக் கொண்டு அவர் நாட்டைக் கேட்டு வாங்கினார்.

ஆக, என் மாணவி இந்தியரா என்பது அவளுடைய அம்மா பிறந்த தேதியைப் பொறுத்தது. அது 1987 ஜூலை 1க்கு முன்பு என்றால், தாயும் இந்தியர், மகளும் இந்தியர். அந்தத் தேதியைக் கேட்க விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. வரிசை நீளமாக இருந்தது, நானும் கேட்கவில்லை. இந்த ஆண்டு அவள் மூன்றாமாண்டு. கல்லூரி திறந்ததும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.